வீங்கவைத்துப் பார்க்கும் வித்தை

நுண்ணோக்கி என்றாலே வில்லையைக் கூர்மையாக்குவதுதான் என்றிருந்தது. 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட் பாய்டன் குழு வழியை மாற்றியது: பார்க்கவேண்டிய பொருளையே பெரிதாக்கிவிடு! டயப்பரில் ஈரம் உறிஞ்சும் அதே வகைப் பாலிமரைத் திசுவுக்குள் உருவாக்கி, ஒளிரும் சாயங்களை அதில் பிணைத்து, புரதங்களை நொதியால் சிதைத்து, தண்ணீர் விடுகிறார்கள். திசு எல்லாப் பக்கமும் ஏறத்தாழ நாலரை மடங்கு விரிகிறது. உள்ளமைப்பு பெரிதாகக் குலைவதில்லை.

ஆனால் எல்லாப் பொருளும் இப்படி எளிதில் விரிந்துவிடாது. பூஞ்சை எளிதில் மசியாது. அதன் செல்சுவர் விரிய விடாது. முதலில் நொதிகளால் அதைக் கரைக்கவேண்டும். உலோகமோ வீங்கவே வீங்காது. திரும்பத் திரும்பச் சுமை தாங்கிக் களைப்புற்று முறிந்த அலுமினியத்தின் நுண்வரிகளைப் படிக்கப் பெரும்பாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் கதி.

உயிரணுக்களைப் பொறுத்தவரை, விலையுயர்ந்த கருவி வாங்க முடியாத ஆய்வகங்களுக்கு இந்த உத்தி பெரிய வரம்.