இணைந்தவை எவை?

வரைதல், வலிமை சோதித்தல், உற்பத்தி செய்தல் ஆகிய மூன்றையும் ஒரே கணனித் திரையில் இணைத்துவிட்டோம் என்று பொறியியல் மென்பொருள் நிறுவனங்கள் பெருமை கொள்கின்றன. அதில் உண்மையுண்டு. வரைபடத்தில் ஓரளவு மாறினால், சோதனைக் கணக்கும் வெட்டுக்கருவியின் பாதையும் அதற்கேற்பத் திருத்தம் பெறும். 1977இல் பிரான்சின் விமானத் தொழிலிற் பிறந்த கேட்டியா இவ்வகையில் முன்னோடியாகும்.

ஆயினும், கண்டியில் வாழும் நாம் கேட்கவேண்டியதொன்றுண்டு: மனிதர் இணைந்தனரா? ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். அக்காலத்து இயந்திரங்கள் பல பிரித்தானியாவில் வரையப்பட்டவை. இயக்கியவரோ மலையகத் தொழிலாளர். இலையின் பதத்தை விரல்நுனியால் அறிந்த அவரது அறிவு, வரைபவனின் மேசையை எளிதில் எட்டியதில்லை.

அதே மலையடிவாரத்துப் பேராதனைக்குப் பொறியியற் பீடம் 1964இல் வந்தது. தமிழில் விஞ்ஞானம் பயின்ற தோட்டத்துப் பிள்ளை அங்கே ஆங்கிலத்திலேயே கற்கவேண்டும். வர்த்தக மென்பொருளின் உரிமக் கட்டணமோ ஏழைப் பாடசாலைக்கு எட்டாதது.

விலையின்றிக் கிடைக்கும் ஃபிரீகாட் என்னும் மென்பொருளிலும் அம்மூன்று தொழில்களும் உள. தமிழ்க் கலைச்சொற்களோடு அதனைத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்லுதல் ஆசிரியராகிய நமது கடமையன்றோ?