கத்திரிக்கோலின் துரத்தல்: ‘கிளாக் டவர்’ முதற்பகுதியும் அதன் தொடர்ச்சியும்

திரையில் தெரியும் பொருளொன்றைச் சுட்டுக்குறியால் காட்டிச் சொடுக்கினால் கதைமாந்தர் அதனிடம் நடந்து சென்று செயல்படும் கதை விளையாட்டுகள் கணினியில் வளர்ந்தவை. அந்த முறையைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவிக்குக் கொண்டுவந்து, அதில் இயல்பாக உள்ள தாமதத்தையே அச்சத்தின் ஊற்றாக மாற்றியது, ஜப்பானின் ஹியூமன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 1995 செப்டம்பரில் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வெளியிட்ட ‘கிளாக் டவர்’. இதை இயக்கிய ஹிஃபூமி கோனோ, இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோவின் திகில் படங்களில், குறிப்பாக 1985-இல் வந்த ‘ஃபினாமினா’வில், ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர், கதைநாயகியின் பெயரும் தோற்றமும் அப்படத்தின் நாயகியை நினைவூட்டுவது தற்செயல் அன்று.

நார்வேயில் தனித்து நிற்கும் பாரோஸ் மாளிகைக்குத் தோழியரோடு அழைத்து வரப்படும் ஆதரவற்ற சிறுமி ஜெனிஃபரை, பெரிய கத்திரிக்கோல் ஏந்திய ஒருவன் துரத்துகிறான். அவளிடம் ஆயுதம் இல்லை. ஓடவும் ஒளியவும் மட்டுமே முடியும். ஆடுபவர் பெரும்பாலும் அவள் கால்களை நேரடியாக இயக்குவதில்லை, போகவேண்டிய இடத்தைக் காட்டுகிறார். சொடுக்கியதற்கும் அவள் கதவை அடைவதற்கும் இடைப்பட்ட சில நொடிகளில் கத்திரிக்கோலின் ஓசை நெருங்கி வரும்போது ஏற்படும் கையறு நிலையே இந்த ஆட்டத்தின் உயிர். பெரும்பகுதி இசையின்றிக் காலடியோசையோடு கழிவதும், அறைகளின் இடமும் தோழியரின் கதியும் ஒவ்வொரு முறையும் மாறுவதும், மாளிகையை ஒருபோதும் பழக விடுவதில்லை. ஒன்பது முடிவுகளில், தோழியரைக் கைவிட்டுக் காரில் ஏறிப் போவதும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது, ஆடுபவரின் மனச்சான்றையே சோதிக்கும் துணிவு.

1996 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்கு வந்த தொடர்ச்சி, சுட்டுக்குறியை வைத்துக்கொண்டு மற்ற யாவற்றையும் மாற்றியது. தட்டையான ஓவியத் திரைகளுக்குப் பதிலாகப் பல்கோணத் துண்டுகளால் கட்டப்படும் முப்பரிமாண அறைகள் வந்தன. குரல் நடிப்பும் சேர்ந்தது. ஒற்றை மாளிகை மறைந்து, ஆஸ்லோவின் ஆய்வுக்கூடம், நூலகம், இறுதியில் இங்கிலாந்தின் கோட்டை எனக் களம் விரிந்தது. தொடக்கத்தில் ஆடுபவர் செய்யும் தேர்வுகளைப் பொறுத்து, உயிர் தப்பிய ஜெனிஃபரோ அவளைக் காக்கும் உளவியல் ஆய்வாளர் ஹெலனோ நாயகியாகிறார். ஆளுக்கு ஐந்தாகப் பத்து முடிவுகள் உள்ளன. கொலையாளி யார் என்னும் புதிர் முன்னுக்கு வந்ததால், முதற்பகுதியின் பெயரற்ற திகில் துப்பறியும் கதையாக உருமாறியது. நாடகம் கூடிய அளவுக்கு அடைபட்ட உணர்வு குறைந்தது என்பதே இம்மாற்றத்தின் விலை.

முதற்பகுதி அப்போது வட அமெரிக்காவில் வெளிவராததால், தொடர்ச்சி அங்கு ‘கிளாக் டவர்’ என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. அதனால் அங்குள்ளோர் பலருக்கு ஜெனிஃபரின் பழைய காயங்கள் காரணம் தெரியாத நினைவுகளாகவே எஞ்சின. இது தொடர்ச்சிக்கு நேர்ந்த பெரும் அநீதி. முன்கதை தெரிந்தவருக்கே அதன் துயரம் முழுமையாகப் புலப்படும். 2002-இல் வந்த ‘கிளாக் டவர் 3’ சுட்டுக்குறியைக் கைவிட்டு, நாயகியை நேரடியாக இயக்கும் முறைக்கு மாறியபோது, இத்தொடரைத் தனித்து நிறுத்திய தாமதமும் போயிற்று.

அச்சத்தைக் கட்டும் கலையில் முதற்பகுதியே மேலானது. தொடர்ச்சி அதனினும் விரிவானது, ஆனால் அதனினும் ஆழமானது அன்று. முதற்பகுதி 2024-இல் ‘கிளாக் டவர்: ரீவைண்ட்’ என்ற பெயரில் அதிகாரபூர்வ ஆங்கில வடிவம் பெற்றுவிட்டதால், இரண்டையும் ஒப்பிட விரும்புவோர் அதிலிருந்தே தொடங்க வேண்டும்.