இறகின்றிப் பறப்போர்: வானதூதர் உருவ மரபும் ஜொகூர்த் தமிழ்ச் சூழலும்

மலேசியாவின் ஜொகூர் பாரு நகரில் தமிழ் பேசும் இந்துக்களும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் ஒரே கடைத்தெருவில் புழங்கினாலும், விண்ணிலிருந்து மண்ணுக்கு வந்துபோகும் உயிர்களைக் கண்ணுக்கு எவ்வாறு காட்டுவது என்னும் கேள்விக்கு அவர்களுடைய வழிபாட்டிடங்கள் தரும் விடைகள் பெரிதும் வேறுபட்டவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் குருக்கள் நிறுவிய அமலோற்பவ மாதா ஆலயம் சார்ந்திருக்கும் மரபில் வானதூதர், பழைய கத்தோலிக்கத் தமிழில் சம்மனசு, நீண்ட வெள்ளை அங்கியும் முதுகில் விரிந்த இரண்டு இறக்கைகளும் உடைய இளைஞர். 1892இல் தொடங்கி 1900இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலில் மலக்குகளுக்கு, அதாவது ஒளியால் படைக்கப்பட்டு இறைவனின் ஏவலை நிறைவேற்றுவோருக்கு, உருவமே கிடையாது. தமிழகத்து ஸ்தபதிகளின் கைவண்ணத்தில் எழும் கோயில்கள் சார்ந்த சிற்ப மரபிலோ கந்தர்வரும் வித்தியாதரரும், அதாவது தேவர்க்கு இசைபாடியும் மாலை ஏந்தியும் வானில் உலவும் கணத்தார், இறக்கை இல்லாமலே பறக்கின்றனர். இம்மூன்றில் முதல் வடிவமே வாழ்த்து அட்டையிலும் பள்ளிக் கலைவிழாவிலும் கைப்பேசித் திரையிலும் நிறைந்து, வானதூதர் என்றாலே இதுதான் என்னும் எண்ணத்தை உண்டாக்கியிருப்பதால், அதன் வலிமையையும் குறையையும் எடைபோடுவது அவசியமாகிறது.

அந்த வடிவம் விவிலியத்தின் நேரடிப் பதிவு அன்று. தொடக்கநூலில் மம்ரே என்னுமிடத்தில் ஆபிரகாமின் கூடாரத்துக்கு வருவோர் மூன்று மனிதராகவே வந்து, உணவருந்திச் செல்கின்றனர். எசாயா கண்ட சேராபீன்களுக்கு ஆறு இறக்கைகள். எசேக்கியேல் கண்ட உயிர்களுக்கோ நான்கு முகங்களும் நான்கு இறக்கைகளும், அருகே கண்கள் நிறைந்த சக்கரங்களும் உண்டு. உரோமையின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில், மரியாவுக்குச் செய்தி கொணர்ந்த கபிரியேல் எனக் கருதப்படும் தொன்மையான உருவத்துக்கு இறக்கை இல்லை. அந்நகரின் புனித மரியா பெருங்கோவிலில், திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்து காலத்தில் (432–440) அமைந்த மொசைக் ஓவியங்களில், அதாவது சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்து உருவாக்கியவற்றில், இரண்டு நிலைகளும் ஒரே கூரையின் கீழ்க் காணக் கிடைக்கின்றன: மம்ரே காட்சியின் மூவருக்கு இறக்கை இல்லை, பலிபீடத்துக்கு முன்னுள்ள வளைவில் மரியாவைச் சூழ்ந்து நிற்போருக்கு உண்டு. கிரேக்கரின் நீக்கே, உரோமரின் விக்டோரியா ஆகிய வெற்றித் தெய்வங்களின் இறக்கைகளே இங்குக் குடிபெயர்ந்தன என்பது கலை வரலாற்றாசிரியர் பலரின் முடிவு.

இரவல் பெற்றது என்பதாலேயே ஒரு வடிவம் தாழ்ந்துவிடாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும், எந்த மொழி பேசுபவரும், இருண்ட ஆலயத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும், கூட்டத்தில் இன்னார் மனிதர், இன்னார் மனிதர் அல்லர் என்று உடனே அறிவதற்கு இரண்டு இறக்கைகள் போதும். வேறெந்தக் குறியும் இவ்வளவு குறைந்த கோடுகளில் இவ்வளவு தெளிவைத் தந்ததில்லை. திருவிழாச் சப்பரத்தில் மிக்கேல் சம்மனசு உயர்ந்து வரும்போது, வாளும் தராசும் கண்ணுக்குப் புலப்படும் முன்பே இறக்கைதான் அவரை அடையாளம் காட்டுகிறது. பிளாரன்சு நகரின் சான் மார்க்கோ மடத்துச் சுவரில் பிரா ஆஞ்செலிக்கோ 15ஆம் நூற்றாண்டில் வரைந்த கபிரியேலின் பல வண்ண இறக்கைகள், வெறுமையான மண்டபத்தில் மண்ணுலகைச் சாராத ஒன்று நுழைந்துவிட்டதை எந்த ஆரவாரமும் இன்றிச் சொல்லிவிடுகின்றன.

எனினும் வரைபவரின் கைக்கு இந்த வடிவம் தீராத சிக்கலைத் தருகிறது. பறவையின் இறக்கை தனி உறுப்பு அன்று. மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல் எலும்புகள் என மனிதக் கையின் அமைப்பே அங்கு இறக்கையாக மாறியிருக்கிறது. அதை இயக்குவதற்குப் பறவையின் மார்பெலும்பு படகின் அடிமரம்போல் முன்னோக்கிப் புடைத்து, கனமான மார்புத் தசைகளைத் தாங்குகிறது. இரண்டு கைகளும் தட்டையான மார்பும் கொண்ட மனித உடலில் இறக்கையை ஒட்டும் ஓவியர் இன்னோர் இணைக் கைகளையே சேர்க்கிறார். ஆனால் அவற்றைத் தாங்கும் தோளையோ தசையையோ தர இடமில்லை. தேர்ந்த ஓவியர் இறக்கையின் வேரை மேலாடை மடிப்பிலும் கூந்தலிலும் நிழலிலும் மறைத்து, பறவையின் ஓரிறகு, உள்ளிறகு, மூடிறகு ஆகிய அடுக்குகளை நேரில் கண்டு பயின்று, பார்ப்பவரின் ஐயத்தை அடக்கிவிடுகிறார். இளமையில் லியோனார்தோ தா வின்சி வரைந்த மங்கள வார்த்தை ஓவியத்தில், அதாவது கபிரியேல் மரியாவுக்குச் செய்தி சொல்லும் காட்சியில், உயிருள்ள பறவையினதைப் போன்றே குறுகலாக இருந்த தூதரின் இறக்கையைப் பிற்காலத்தில் வேறொரு கை நீட்டி வரைந்தது என்று ஆய்வாளர் கூறுவர். அந்தத் திருத்தத்தால் இறக்கையின் உயிர்த்தன்மை குறைந்ததே தவிர, தூதரின் மாட்சி கூடவில்லை. அச்சில் வார்த்து விற்கப்படும் பிளாஸ்டர் உருவங்களில் நிலைமை மேலும் மோசம்: முதுகில் ஆணியடித்த பலகைபோல் இறக்கை நிற்க, உடலோ பறத்தலை அறியாமல் விறைத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை, அச்சம் காணாமற்போனதாகும். விவிலியத்தில் வானதூதரைக் கண்டோர் பலர் நடுங்குகின்றனர். தூதரும் பல இடங்களில் அச்சம் தவிர்க்கச் சொல்லியே பேச்சைத் தொடங்குகின்றனர். அத்தகைய ஆற்றலின் இடத்தில் கொழுத்த கன்னமுடைய சிறு குழந்தை வந்து அமர்ந்தது, புட்டோ எனப்படும் மறுமலர்ச்சிக்கால வழக்கத்தால். பண்டைய உரோமரின் காதல் தெய்வக் குழந்தைகளே அதன் மூலம். 1512 அளவில் ரபேல் வரைந்த சிஸ்தீன் மடோனா என்னும் பெரும் ஓவியத்தின் அடிவிளிம்பில் முழங்கை ஊன்றியிருக்கும் இரு குழந்தைகள், மேலே நிகழ்வதன் பேரளவை உணர்த்தவே அங்கு அமைக்கப்பட்டனர். அவர்களை மட்டும் வெட்டியெடுத்து அட்டையிலும் மிட்டாய்ப் பெட்டியிலும் அச்சிட்ட வணிகம், ஓவியத்தின் பொருளையே பறித்துக்கொண்டது. கிறிஸ்துமஸ் குடிலின் உச்சியில் தொங்கும் பொன்முடிக் குழந்தை இந்த வழியில் வந்ததே. இடையர்களைத் திகைக்க வைத்த விண்படையை அதனால் நினைவூட்ட முடிவதில்லை.

இந்திய மண்ணில் இந்த வடிவம் நுழைந்த வரலாறு தனிக் கவனத்துக்குரியது. 1580இல் இயேசு சபைக் குருக்கள் முகலாயப் பேரரசர் அக்பருக்கு அளித்த, ஆன்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியமும், அத்துடன் வந்த செப்புத் தகட்டுப் படங்களும் முகலாய ஓவியரின் கைக்கு எட்டின; அவருள் ஒருவரான பிச்சித்தர் வரைந்த ஓவியம் ஒன்றில் மணற்கடிகை மீது அமர்ந்த பேரரசர் ஜஹாங்கீரின் காலடியில் இறக்கைக் குழந்தைகள் எழுதிக்கொண்டிருக்கின்றனர். பின்னர், தஞ்சாவூர்ப் பலகை ஓவியங்கள் சிலவற்றிலும் செட்டிநாட்டு வீடுகளின் முகப்புச் சுதை வேலைகளிலும், அதாவது சுண்ணச் சாந்தால் பிடித்த உருவங்களிலும், இறக்கையுடையோர் மலர் தூவினர். ஏற்பது குற்றமன்று, முகலாயர் தாம் பெற்றதைத் தம் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் உட்படுத்தி உருமாற்றினர். ஆனால் வெளிர்ந்த தோல், பொன்னிற முடி, நீலக் கண் ஆகியவற்றையும் இறக்கையோடு சேர்த்து அப்படியே பெற்றுக்கொண்ட தமிழ்க் கிறிஸ்தவப் படங்கள், கறுத்த முகத்துக்கு விண்ணில் இடமில்லை என்று குழந்தைகளுக்குச் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன. இது கலைக் குறை மட்டுமன்று, அறக்குறையும் ஆகும்.

இறக்கையில்லாமல் பறத்தலைக் காட்டும் வழி தமிழ்க் கலையில் முன்னரே முழுமை பெற்றிருந்தது. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட, அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறக்கம் என்றும் வழங்கும் பாறைச் சிற்பத்தில், விண்ணவர் இணை இணையாகப் பாறையின் நடுப் பிளவை நோக்கி விரைகின்றனர். கால்கள் மடங்கிப் பின்னோக்கிச் செல்ல, உடல் முன்சாய்ந்து, கை உயர, கனமான கல்லே எடையிழந்து மிதக்கிறது. இறக்கையைப் பல்லவச் சிற்பிகள் அறியாதவர் அல்லர். அதே பாறையில் மேலுடல் மனிதராகவும் கீழுடல் பறவையாகவும் உள்ள கின்னரரையும் வடித்துள்ளனர். பறவைத் தன்மையை எவருக்குத் தருவது, எவருக்குத் தவிர்ப்பது என்று எண்ணித் தேர்ந்த மரபு இது. தஞ்சைப் பெரியகோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்து, 1931இல் எஸ். கே. கோவிந்தசாமியால் கண்டறியப்பட்ட சோழர் கால ஓவியத்தில், வெள்ளையானை மீது கயிலை செல்லும் சுந்தரருக்கு மேலே விண்ணவர் பறக்கின்றனர்; அங்கே பறப்பது உறுப்பால் அன்று, கோட்டின் ஓட்டத்தால்.

இம்மரபுக்கும் குறை உண்டு. உடலின் சாய்வை உணராத கையில் கந்தர்வர் மண்டியிட்டவராகவோ தாவுபவராகவோ தோன்றிவிடுகிறார். சிமெண்டும் பளபளக்கும் எனாமல் வண்ணமும் கொண்டு வேகமாக முடிக்கப்படும் இக்காலச் சுதைகளில் இதைக் காணலாம். தனித்து நிற்கும் உருவத்தை விண்ணவர் என அறிய முடியாது. சூழ்ந்த காட்சி வேண்டும். இறக்கையின் உடனடித் தெளிவை இது தரவல்லதன்று.

உருவத்தையே தவிர்க்கும் இஸ்லாமிய நெறி, வெண்மைத் தோல், இனிப்புக் குழந்தை, பொய்யான தோளெலும்பு ஆகிய எல்லாக் குறைகளையும் ஒரே அடியில் கடந்துவிடுகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்ரீசில் இறக்கையுள்ள ஜிப்ரீலை, அதாவது கபிரியேலை, ஏட்டில் வரைந்த பாரசீக ஓவியர் இருந்தனர் என்றாலும், பள்ளிவாசல் சுவர் அதை ஏற்றதில்லை. ஒளியை ஒளியாகவே விடுதல் என்னும் இந்நெறியோடு எதிர்பாராத வகையில் நெருங்கி வருவது, ஜொகூர் பாருவின் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில். 1922இல் எளிய குடிலாகத் தொடங்கி, 2009இல் ஏறத்தாழ 3,00,000 கண்ணாடித் துண்டுகள் பதித்துப் புதுப்பிக்கப்பட்ட அக்கோயிலில் உருவங்கள் பல இருந்தாலும், உள்ளே நுழைபவரை முதலில் ஆட்கொள்வது உருவமன்று, சுவரும் கூரையும் சிதறித் தரும் ஒளியே.

தமிழ்ச் சொல் இத்துறையில் தமிழ்த் தூரிகையைவிட வெகுதூரம் முன்னே சென்றுவிட்டது. வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) வானவரையும், உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஜிபுறயீல் எனும் ஜிப்ரீலையும் தமிழ்க் காப்பிய மரபுக்குள் இயல்பாக நிறுத்தின. அவற்றுக்கு ஈடாக, கோவாவைச் சேர்ந்த ஆஞ்செலோ த பொன்சேக்கா (1902–1967) இந்தியச் சாயலில் மரியாவை வரைந்ததைப் போன்ற துணிவு, வானதூதர் பொருளில் தமிழரிடையே இன்னும் வேரூன்றவில்லை. ஜொகூரின் ஆலயப் பங்குகளுக்குக் கோயில் திருப்பணி செய்யும் ஸ்தபதிகள் தொலைவில் இல்லை. கந்தர்வரைப் பறக்கவிடத் தெரிந்த அவர்களிடம், அடுத்த குடிலுக்கோ சப்பரத்துக்கோ ஒரு சம்மனசை, கறுத்த முகத்துடனும் மடங்கிய காலுடனும் அஞ்சத்தக்க மாட்சியுடனும் வடித்துத் தரும்படி பங்கு மக்கள் கேட்க வேண்டும். இறக்கை வேண்டுமென்றால் இருக்கட்டும். பறப்பது உடலாக இருக்க வேண்டும்.