நட்டஈடும் நம்பிக்கையும்

அரசு வெளியிடும் அட்டவணையும் ஓர் எழுத்தே. அது யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது, யாரை மறந்தது என்று கேட்பது விமர்சனத்தின் கடமையாகும்.

2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் கண்டபோது வாத்துகளும் கோழிகளும் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 இந்திய ரூபா, இளம் பறவைக்கு 100, முட்டைக்கு 5 என நட்டஈடு அறிவிக்கப்பட்டது. முட்டையையும் எண்ணிய நேர்மையை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் அந்த விலைப்பட்டியல் பறவையை அளந்ததேயன்றி, புதுக்குஞ்சு விட இயலாமல் கூடு வெறுமையாய்க் கிடக்கும் நாட்களை அளக்கவில்லை.

வன்னியிலிருந்து இதைப் படிக்கையில் நமக்குக் கவலை பிறக்கிறது. காட்டு நீர்ப்பறவைகள் இந்நோயைச் சுமந்து செல்லக்கூடியவை. சுண்டிக்குளத்துக்கும் கொக்கிளாய்க்கும் அவை ஆண்டுதோறும் வலசை வருகின்றன. 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள்ளும் புகுந்தது. கால்நடை நோய்க்குக் கடல் வேலியன்று.

2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, சிறப்பாகப் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு, வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் வழங்கப்பட்டன. பிள்ளையின் கொப்பிக்கும் அவசர மருந்துக்கும் அத்தகைய தாயிடமுள்ள சேமிப்பு அந்தக் கோழிக்கூடே. நோயுற்ற கோழியோடு அயலிலுள்ள நலமான கோழியையும் கொல்வதே நோய்த் தடுப்பின் விதி. அந்த விதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் பண்ணைப் பதிவும் காணி உறுதியும் காட்டினாலே பணம் என்றால், இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்தவள் எதைக் காட்டுவாள்?

2008இல் மேற்கு வங்கத்தில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. கிராமத்தவர் பலர் தம் கோழிகளை ஒளித்து வைத்தனர். அதை அறியாமை என்று பழிப்பது எளிது. பணம் வருமென்ற நம்பிக்கை இல்லாதவர் வேறென்ன செய்வார்? ஒளித்த கோழியோடு நோயும் ஒளிந்து பரவுகிறது. ஆகவே நட்டஈடு தருமமன்று. நோய்த்தடுப்பின் ஓர் அங்கம்.

விலை நோய் வருமுன்னரே தீர்மானிக்கப்பட வேண்டும். கால்நடை வைத்தியரும் கிராம அலுவலரும் முற்றத்தில் எண்ணிக் கையொப்பமிட்டால் அதுவே போதிய சான்றாக வேண்டும். அறிவித்தபின் தானே செத்த கோழிக்கும் கணக்கு உண்டு; வெறுங்கூட்டின் மாதங்களுக்கும் உதவி உண்டு. அன்றே, வளர்த்தவள் கையிலேயே பணம் சேர வேண்டும்.

கொல்ல வரும் கைக்குள்ள விரைவு, கொடுக்க வரும் கைக்கும் வேண்டும்.