தாத்தாவின் மனையும் நம்முடைய முதல் வீடும்

வீடு பற்றித் தமிழில் பேச்செடுத்தால் பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுத்தர வர்க்கத்தின் கனவு, நடுத்தர வர்க்கத்தின் துயரம் என்று அன்றைக்கும் எழுதினார்கள், இன்றைக்கும் எழுதுகிறார்கள். நல்ல படம்தான். அர்ச்சனாவையும் சொக்கலிங்க பாகவதரையும் லேசில் மறக்க முடியாது. படத்தோடு நமக்குச் சண்டையில்லை. அதை ‘எல்லாருடைய கதை’ என்று சொல்கிறார்களே, அந்த ‘எல்லாரும்’ யார் என்பதுதான் இங்கே கேள்வி.

கதை தெரிந்ததுதான். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். சுதா, அவள் தங்கை, பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்ந்த தாத்தா. வேறு வாடகை வீடு தேடி அலைகிறார்கள், கட்டுப்படியாகவில்லை. சொந்தமாகவே கட்டினால் என்ன என்று யோசனை வருகிறது. தாத்தாவிடம் மனை இருக்கிறது. கடன் வாங்குகிறாள், கான்ட்ராக்டர் ஏமாற்றுகிறான், சித்தாள் மங்கம்மா துணைக்கு நிற்கிறாள். பாதிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் தாத்தா வழியிலேயே செத்துப்போகிறார். கடைசியில் அந்த நிலமே குடிநீருக்காக அரசு எடுத்துக்கொண்டது என்று தெரியவருகிறது.

இதில் ‘தாத்தாவிடம் மனை இருக்கிறது’ என்பதை விமர்சகர் யாரும் நின்று பார்த்ததில்லை. அது இயல்பாக இருக்கிறது. காற்று இருப்பதுபோல், மழை பெய்வதுபோல், தாத்தாவிடம் மனை. நம் தாத்தாக்களிடமும் நிலம் இருந்தது, தோழர்களே. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892இல் ஆணை வந்து, பஞ்சமர்க்கென்று பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் இன்னொரு பஞ்சமருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனையும் போட்டார்கள். நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் ஊர்க்காரன் கைக்குப் போனது. அதைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கியால் பதில் சொன்னார்கள். காரணை நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஆக, சுதாவிடமிருந்து நிலத்தை அரசாங்கம் பறிப்பது படத்தின் கடைசிக் காட்சி என்றால், நம் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் ரீலிலேயே நிலம் போய்விடுகிறது. அப்புறம் இருப்பது வாடகைதான்.

வாடகைக்கு வீடு தேடும் காட்சி ‘வீடு’ படத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சுதாவின் கஷ்டம் பணக் கஷ்டம். பணம் கையில் இருந்தும் சாவி கிடைக்காத கஷ்டம் ஒன்று உண்டு, அது அந்த கேமராவுக்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதை விட்டொழித்தோம் என்று பெருமை பேசுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெயரில் தெரியாததை வேறு வழியில் தெரிந்துகொள்ள வீட்டுக்காரன் ஒரு பெரிய கலையையே வளர்த்து வைத்திருக்கிறான். “சொந்த ஊரு எது?” “ஊர்ல எந்தத் தெரு?” “உங்க குலதெய்வம் எதுங்க?” “அசைவம் சாப்பிடுவீங்களா... எல்லாமா?” அந்த ‘எல்லாமா’வில் மாடு இருக்கிறது. எதற்கும் பிடிகொடுக்காமல் பேசினால், “அப்பா என்ன வேலை பாத்தாரு?” என்று அடுத்த தலைமுறைக்குப் போவான். கடைசியில், “பொண்ணு அமெரிக்காவுல இருந்து வருது, வீடு எங்களுக்கே வேணும்” என்பான். பத்து நாள் கழித்து அதே வழியாகப் போனால் அதே போர்டு தொங்கும்: வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்.

இது நம் மனப்பிரமை என்று சொல்பவர்கள் உண்டு. சுகதேவ் தோரட்டும் கூட்டாளிகளும் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டுப் பார்த்து, 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் ஆய்வாக வெளியிட்டார்கள். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சம்பளம், பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் கதவு சாத்தப்பட்டதை எண்ணிக்கையோடு காட்டினார்கள். சட்டமோ, அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம் என்பது பற்றித்தான் கவலைப்படுகிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது, அதையும் ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று இழுத்துச் சொல்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பவனை அது ஒன்றும் கேட்பதில்லை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு விஷயத்தில் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அங்கே அது முழுசாக நிறைவேறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. குற்றத்துக்குக் குற்றம் என்று பெயராவது வைத்தார்கள்.

நம் இலக்கியத்தில் இந்தக் கதவின் முன் நின்று எழுதப்பட்ட இரண்டு பிரதிகள் இருக்கின்றன. இரண்டுமே குஜராத் மண்ணில் நடப்பவை. ஒன்று அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வருகிறார். கொலம்பியா, லண்டன் எல்லாம் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்குகிறார். தட்டுமுட்டுச் சாமான் அடைத்த இருட்டுக் கட்டடம், ராத்திரியானால் வௌவால். பதினோராம் நாள் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நிற்கிறார்கள். இரண்டு சிநேகிதர்களை நினைக்கிறார். இந்து நண்பர், நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்கிறார். தடியோடு வந்தவர்களைவிட இந்த இரண்டு நண்பர்களையும்தான் நாம் அதிகம் படிக்க வேண்டும். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை. நல்லவர்கள். முற்போக்கு மேடைகளில் இன்றைக்கும் நம் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்கள்.

இன்னொன்று பாபுராவ் பாகுலின் மராத்திக் கதை, ‘நான் சாதியை மறைத்தபோது’. 1963இல் வந்த அவருடைய முதல் தொகுப்புக்கும் அதுவே பெயர். ரயில்வே வேலைக்காக உத்னாவுக்குப் போகும் இளைஞன், தங்க இடம் தேடும்போது வரும் சாதிக் கேள்வியைப் பம்பாய்க்காரன் என்ற மிடுக்குப் பேச்சால் தாண்டிவிடுகிறான். மேல்சாதிக்காரன் என்றே எடுத்துக்கொண்டு மரியாதை செய்கிறார்கள், சோறு போடுகிறார்கள். அதே இடத்தில் வேலைக்கு வரும் காசிநாத் எதையும் மறைக்காதவன், முறைத்துக்கொண்டு நிற்பவன். உண்மை தெரிந்ததும் மரியாதை செய்த கைகளே அடிக்கின்றன. காப்பாற்ற வருவது காசிநாத்.

அம்பேத்கர் பதிந்த பொய்ப் பெயரும் பாகுலின் நாயகன் பேசிய மிடுக்கும் வாடகையின் ஒரு பகுதி. மேல்சாதிக்காரன் வாடகையைப் பணமாகக் கொடுக்கிறான். நாம் பணத்தோடு சேர்த்துப் பெயரையும் கொடுக்கிறோம், அப்பனின் தொழிலை, ஊரை, அடுப்பில் வேகும் கறியை, வீட்டுக்கு வரும் அத்தையின் பேச்சு வழக்கைக் கூடக் கொடுக்கிறோம். “அத்தை, இங்க மெதுவா பேசுங்க” என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்! ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இருபது வருஷ வாடகைக்குப் பிறகு ஒரு தலித் குமாஸ்தாவோ ஆசிரியையோ கடன்பட்டுப் புதுசாகக் கட்டிய ஃபிளாட் ஒன்றை வாங்கும்போது, சேமிப்பு, முதலீடு என்றெல்லாம் பேங்க்காரன் பேசும் பாஷை அதற்குப் பொருந்துவதில்லை. ஒரு விசாரணை முடிந்தது என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள்.

முடிகிறதா? இதைக் கறுப்பர் இலக்கியம் கேட்டுவிட்டது. லொரெய்ன் ஹான்ஸ்பரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகம் 1959இல் பிராட்வேயில் ஏறியது. சிகாகோவில் நெரிசலான வாடகைப் போர்ஷனில் மூன்று தலைமுறை. செத்துப்போனவரின் இன்ஷூரன்ஸ் பணம் பத்தாயிரம் டாலர் வருகிறது. கிழவி அதிலிருந்து முன்பணம் கட்டி வெள்ளைக்காரர் பகுதியில் வீடு வாங்குகிறாள். கொள்கைக்காக இல்லை. கறுப்பர் பகுதிகளில் கட்டித்தரும் வீடுகள் இரண்டு மடங்கு விலை, அதனால். ஒதுக்கப்பட்டவன்தான் எதற்கும் அதிக விலை கொடுக்கிறான் என்ற பொருளாதாரத்தை ஒரு கிழவி வாயால் சொல்லவைத்த எழுத்து அது. அப்புறம் அந்தப் பகுதியின் ‘நலச் சங்கத்திலிருந்து’ ஓர் ஆள் வருகிறான். கத்தவில்லை, திட்டவில்லை. நீங்கள் வராமலிருக்கக் கூடுதல் பணம் தருகிறோம் என்கிறான். ஹான்ஸ்பரிக்கு இது கற்பனையில்லை. 1937இல் அவருடைய அப்பா அப்படி ஒரு வீடு வாங்கி, கும்பல் வந்து கல்லெறிந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1940இல் தீர்ப்பானது.

நம் நாட்டு நலச் சங்கத்துக்கு உச்ச நீதிமன்றமே துணை இருக்கிறது. அகமதாபாத் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், பார்சிகளைத் தவிர யாரும் உறுப்பினராக முடியாது என்று விதி வைத்திருந்தது. 2005 ஏப்ரலில் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எண்பத்தெட்டு வருஷம் முன்னால் பரோடா சத்திர வாசலில் தடியோடு நின்றவர்களை நினைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படித்துப்பாருங்கள். பார்சிகள்மேல் எனக்குத் தனிக் கோபம் ஒன்றுமில்லை, எண்ணிக்கையில் சுருங்கிவரும் சனம். ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்த வாசலில் எந்தச் சாதி வேண்டுமானாலும் தன் ‘காலனி’க்கு வேலி போட்டுக்கொள்ளலாம். ‘சைவம் மட்டும்’ போர்டு போலத்தான், சாதி என்ற வார்த்தையே தேவைப்படாது.

இனி நம் பக்கம் வருவோம். ‘பழையன கழிதலும்’ (1989), ‘கருக்கு’ (1992), ‘கோவேறு கழுதைகள்’ (1994) என்று நம் எழுத்து வந்த வேகம் தமிழையே உலுக்கியது. சேரியை, தெருவை, காலனியை, குடிசையை நாம் எழுதிவிட்டோம். எந்தத் தெருவுக்கு அடுத்து எந்தத் தெரு என்பதை ‘கருக்கு’ போலச் சொன்ன எழுத்து முன்பு இல்லை. ஆனால் கடன் போட்டு வாங்கிய இரண்டாம் மாடி வீட்டை மையமாக வைத்த நாவலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன்? ‘அவன் நடுத்தர வர்க்கமாயிட்டான், மறந்துட்டான்’ என்று ஒரு வரியில் அவனைத் தள்ளிவிட்டோம். மேல்சாதி விமர்சகனுக்கோ நாம் குடிசையில் இருந்தால்தான் ‘அசல்’. இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து சேருகிறார்கள், அதை நாம் கவனிக்கவில்லை.

எழுத வேண்டியது கொள்ளையாகக் கிடக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு அய்யரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நடக்கும் ராத்திரிச் சண்டை. “மாட்டை எப்படிப்பா மாடி ஏத்துறது” என்று சிரிக்கும் பாட்டி. ஊரிலிருந்து வேனில் வரும் சொந்தக்காரர்களை ஆபீஸ்காரர்கள் வரும் நேரத்துக்கு முன்னால் சாப்பிட வைத்து அனுப்பிவிடலாமா என்று மனசுக்குள் வரும் கணக்கு. முக்கியமாக, அம்பேத்கர் படம். ஹாலில், கதவைத் திறந்தால் தெரியும் சுவரிலா? பெட்ரூமிலா? பீரோவுக்கு உள்ளேயா? வாடகை வீட்டில் பெட்டிக்குள் இருந்த படம் சொந்த வீட்டில் எந்த ஆணியில் ஏறுகிறது என்பதைச் சொன்னால் ஒரு தலைமுறையின் கதையைச் சொல்லிவிடலாம். ‘வீடு’ படத்தின் மங்கம்மாவும் இங்கே வேறு ஆளாகிறாள். செங்கல் சுமந்தவள் நம் அம்மா, வீடு வாங்குபவள் அவள் மகள்.

அம்பேத்கரும் வீடு கட்டினார். பரேலின் ஒண்டிக் குடித்தனத்தில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு, 1930களின் தொடக்கத்தில் தாதரில் ‘ராஜகிருஹம்’. அது இருக்கும் இடத்தின் பெயர் இந்து காலனி, கவனியுங்கள். பெரும்பாலும் புத்தகங்களுக்காகக் கட்டிய வீடு. ரமாபாய் அதில் அதிக காலம் இருக்கவில்லை, 1935 மே 27 அன்று அங்கேயே இறந்துபோனார். சிலை வைக்கிறோம், ஊர்வலம் போகிறோம், ஆனால் அந்த அம்மா சாலில் இருந்து அந்த வீட்டுக்குள் முதல்நாள் எப்படிக் கால் வைத்திருப்பார் என்று நம் எழுத்து எவ்வளவு யோசித்திருக்கிறது? 2020 ஜூலை 7 அன்று ஆட்கள் உள்ளே புகுந்து பூந்தொட்டிகளை உடைத்து, ஜன்னலில் கல்லெறிந்தார்கள். கட்டி எண்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த வீடு அங்கே இருப்பது சிலருக்கு உறுத்துகிறது.

ஹான்ஸ்பரியின் நாடகம் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவதோடு முடிந்துவிடும், புது வீட்டுக்குள் போவதில்லை. நம் ஆட்கள் உள்ளே போய் வருஷக்கணக்காகிறது. மாசாமாசம் அசோசியேஷன் மீட்டிங் நடக்கிறது. கூட்டிப் பெருக்க வருகிற பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று ஒரு தீர்மானம் வருகிறது. அந்தப் பெண்கள் பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் வருபவர்கள், கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்ப் போட்ட சனம். கை தூக்குங்கள் என்கிறார் செயலாளர். இரண்டாம் மாடித் தோழர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் யார் என்று அங்கே இன்னும் யாருக்கும் தெரியாது. அந்தக் கையை யாராவது எழுதுங்கள்.