ஐம்பதா, நான்கா, ஒன்றா?

அமெரிக்காவில் ஒரு பெட் ஸ்கேனுக்கு மெடிகேரிடம் பணம் கேட்கும்போது, வெளிநோயாளி பில்லில் பொதுவாக இரண்டு வரி இருக்கும். ஒன்று படம் எடுத்ததற்கு. இன்னொன்று, அதற்கு முன் நரம்பில் ஏற்றிய கதிரியக்க மருந்துக்கு.

முதல் வரி எளிது. மண்டையோட்டின் அடியிலிருந்து நடுத்தொடை வரை சிடியோடு சேர்த்து எடுத்தால் 78815. முழு உடம்பு என்றால் 78816. ஆனால் எதைத் தேடி எடுத்தார்கள் என்பது இந்த எண்ணில் கிடையாது. சர்க்கரையை விழுங்கும் கட்டியைத் தேடினாலும் சரி, புரோஸ்டேட் புற்றுநோய் செல்லின் மேலுள்ள பிஎஸ்எம்ஏ புரதத்தைத் தேடினாலும் சரி, ரெண்டுமே 78815தான். அந்தத் தகவல் முழுக்க இரண்டாவது வரியில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான்.

மருந்துக் குறியீடுகளின் அலகுகளைப் பாருங்கள். எஃப்டிஜி, ஏ9552: 45 மில்லிக்யூரி வரை எவ்வளவு போட்டாலும் 1 அலகு. காப்பர்-64 டோட்டாடேட், ஏ9592: ஒவ்வொரு மில்லிக்யூரியும் 1 அலகு. 4 மில்லிக்யூரி போட்டால் 4. காலியம்-68 டோட்டாடேட், ஏ9587: ஒவ்வொரு 0.1 மில்லிக்யூரியும் 1 அலகு. 5 மில்லிக்யூரி போட்டால் 50.

கடைசி இரண்டும் ஒரே வகை நியூரோஎண்டோகிரைன் கட்டிகளைத் தேடுபவை. மூலக்கூறின் இலக்கும் ஒன்றே. ஒன்றில் 4 என்று எழுதிப் பழகியவர் மற்றதில் 5 என்று எழுதிவிட்டால், பத்தில் ஒரு பங்குதான் பில்லில் ஏறும். ஒரு நிரலாளர் இப்படி ஒரு அட்டவணையை வடிவமைத்துக் கொண்டுவந்தால், கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவோம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். காலியம்-68 பிஎஸ்எம்ஏ-11 மருந்துக்கு 2020 டிசம்பர் 1 அன்று எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. விண்ணப்பித்தவை கலிஃபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்கள். மருந்து ஒன்றே, நாளும் ஒன்றே. குறியீடு மட்டும் இரண்டு: ஏ9593, ஏ9594. பிறகு அதே மூலக்கூறைத் தயாரிக்கும் கிட்டுகள் வந்தன. இல்லுசிக்ஸுக்கு ஏ9596, லோகாமெட்ஸுக்கு ஏ9800. ஆக, ஒரு மூலக்கூறுக்குக் குறைந்தது நான்கு எண்.

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் விலை வேறு, அதனால் எண்ணும் வேறாக இருக்கணும் என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் தயாரிப்பைப் பிரித்துக் காட்ட அந்த நாட்டில் என்டிசி எண் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே. மூலக்கூறுக்கு ஒரு குறியீடு, தயாரிப்புக்கு என்டிசி என்று வைத்தால் ரெண்டு தேவையும் தீரும்.

இதெல்லாம் குமாஸ்தா வேலைதானே, நோயாளிக்கு என்ன என்று தோணலாம். அங்கேதான் பணம் வருகிறது. புதிய மருந்துக்கு மெடிகேர் சுமார் மூன்று வருடம் தனியாகப் பணம் கொடுக்கும். 2024 வரை, அந்தச் சலுகை முடிந்ததும் மருந்தின் விலை ஸ்கேன் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. மலிவான எஃப்டிஜி போட்டாலும், பல மடங்கு விலையுள்ள பிஎஸ்எம்ஏ மருந்து போட்டாலும், ஆஸ்பத்திரிக்கு வந்தது அதே தொகை. ஒவ்வொரு ஸ்கேனிலும் கைப்பணம் போகிற ஆஸ்பத்திரி, அந்த மருந்தை வைத்துக்கொள்வதா என்று யோசிக்கத்தானே செய்யும்? அப்போது மருந்து கிடைக்காமல் போவது நோயாளிக்கு.

2025 ஜனவரி 1 முதல் இதை ஓரளவு திருத்தினார்கள். ஒரு நாள் செலவு ஒரு வரம்பைத் தாண்டும் மருந்துக்குத் தனியாகப் பணம்; 2025-இல் அந்த வரம்பு 630 டாலராக இருந்தது. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் அந்தச் செலவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஆஸ்பத்திரிகள் அனுப்பிய பழைய பில்களின் சராசரியிலிருந்து. அதாவது, மேலே சொன்ன அலகுகளிலிருந்து!

50 எழுத வேண்டிய இடத்தில் 5 எழுதினால், அந்த பில்லில் ஓர் அலகின் விலை பத்து மடங்காகத் தெரியும். 4 எழுத வேண்டிய இடத்தில் 1 எழுதினால் நான்கு மடங்கு. ஓரமாக விழும் எண்களை வெட்டிவிடுவார்கள்தான். ஆனால் நடுவில் விழுகிற சின்னத் தப்புகள் தப்பாகவே தெரியாது. அவை சராசரியில் கலந்து, பின்னால் ஒரு வருடத்தின் கட்டணமாகத் திரும்பி வரும்.

இந்த வரம்புக் கோட்டைப் பற்றி விவாதிப்பவர்கள் நிறைய. அந்தக் கோட்டை அளக்கிற அளவுகோலில் மூன்று விதமான அலகு இருப்பதை யாராவது முதலில் சரிசெய்யலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். ஏ9587 என்ற ஒரு வரியின் விளக்கத்தில் 0.1 என்பதை 1 ஆக்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.