திரை ஒளிபரப்பும் செய்நிரல் விரிவுரையும்: ஒரு மதிப்பீடு

பல்கலைக்கழகங்களிற் கணினிச் செய்நிரலாக்கம் கற்பிக்கப்படும் முறையில் நெடுங்காலமாக ஒரு முரண்பாடு இருந்து வருகின்றது. செய்நிரலாக்கம் என்பது எழுதுதல், இயக்கிப் பார்த்தல், வழுவினைக் கண்டறிதல், திருத்துதல் என்னும் தொடர்ச்சியான செயற்பாடாகும். ஆயின், விரிவுரை மண்டபத்திலே மாணவர் காண்பது படவில்லைகளில் இடம்பெறும் வழுவற்ற முடிபினை மாத்திரமே. உழைப்பு மறைக்கப்பட்டு விளைபொருள் மட்டும் காட்டப்படுகின்றது. இதனால், செய்நிரலானது வல்லுநரின் மனத்திலிருந்து முழுமையாகவே பிறப்பது என்ற மாயை மாணவரிடத்தே வேரூன்றிவிடுகின்றது.

விரிவுரையாளர் தாம் எழுதுவதை எழுதும்பொழுதிலேயே இணையவழி மாணவர்தம் திரைகளுக்கு ஒளிபரப்பும் முறை இம்மாயையைத் தகர்க்க வல்லது. எடுத்துக்காட்டாக, பைதன் மொழியில் எண்ணிடல் பூச்சியத்திலே தொடங்குவதால், பத்து உறுப்புகளைக் கொண்ட பட்டியலின் இறுதிச் சுட்டெண் 9 ஆகும். அதனை 10 என எழுதி இயக்கின் வழுச்செய்தி தோன்றும். இயக்குவதற்கு முன்னர், விளைவு யாதாகும் என மாணவரை எதிர்வுகூறச் செய்யின் அவ்வழுவே பாடமாகிவிடும்.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. 1968 டிசெம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நிகழ்த்திய செய்முறை விளக்கத்தில், மென்லோ பார்க்கிலிருந்த சக ஆய்வாளர் ஒருவரும் அவரும் ஒரே திரையிற் கூடிப் பணியாற்றினர். கூட்டுழைப்பே அங்கு முதன்மை பெற்றது என்பதனை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

ஏனெனில், ஒளிபரப்பு இயல்பாகவே ஒருவழிப்பட்டது. விரிவுரையாளரின் திரை மட்டுமே எந்நேரமும் ஒளிபரப்பாகுமாயின், மாணவர் பார்த்தெழுதும் எழுதுவினைஞராகவே எஞ்சுவர். இன்றைய கருவிகள் பல, பார்க்கும் உரிமையையும் எழுதும் உரிமையையும் வெவ்வேறாக வழங்குகின்றன. அவ்வெழுதும் உரிமையைக் கைமாற்ற விரிவுரையாளர் முன்வருகின்றாரா என்பதே இம்முறையின் உரைகல்லாகும். பெருந்தொகையினர் பயிலும் வகுப்பில் எல்லோரும் ஒருங்கே எழுத இயலாதென்பது உண்மையே. எனினும், ஒவ்வொரு விரிவுரையிலும் ஒரு மாணவரின் திரையை அவரது சம்மதத்துடன் ஒளிபரப்புதல் சாத்தியமானதே. அத்திரையிற் காணும் வழு தனியொருவரின் இழுக்காகவன்றி, வகுப்பின் பொதுப் பிரச்சினையாகக் கொள்ளப்படல் வேண்டும்.

வசதியின் ஏற்றத்தாழ்வும் இங்கு கருதத்தக்கது. 2020இல் பெருந்தொற்றின் காரணமாக இலங்கைப் பல்கலைக்கழக விரிவுரைகள் இணையத்துக்கு மாறியபோது, மாணவர் பலர் கைப்பேசியின் சிறு திரையிலேயே அவற்றைப் பின்தொடர நேர்ந்தது. 1920க்கு 1080 என்ற அளவுடைய திரையின் ஒவ்வொரு படமும் 2,073,600 படப்புள்ளிகளைக் கொண்டது. 80 நிரல்களும் 24 நிரைகளும் உடைய எழுத்துத் திரையோ 1,920 எழுத்துகளில் அடங்கிவிடும். நிகழ்படம் சுருக்கி அனுப்பப்படினும் இவ்விடைவெளி பெரிதே. செய்நிரலை எழுத்தாகவே அனுப்புவது தரவுச் செலவைக் குறைப்பதுடன், மாணவர் அதனைப் பிரதிசெய்து தாமே இயக்கிப் பார்க்கவும் வழிசெய்கின்றது.

ஆகவே, எத்துணை தெளிவாகத் திரை தெரிகின்றது என்பதைக் கொண்டு மட்டும் இம்முறையை மதிப்பிடுதல் பொருந்தாது. வசதி குறைந்த மாணவரும் அத்திரையில் ஒரு வரியேனும் எழுதித் திருத்த முடிகின்றதா என்பதே எமது வினாவாதல் வேண்டும்.